நிமிர்ந்து நின்றால் போதுமா?

பரங்கிமலையில் இருக்கிறது ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமி. 1992இல் 25 பெண்கள் முதன்முறையாக அங்கே பயிற்சிக்குச் சேர்ந்தார்கள். அதுவரை பெண்களை மருத்துவர்களாகவும் செவிலியர்களாகவும் மட்டுமே அதிகாரிகளாக எடுத்துவந்த ராணுவம், மற்ற பிரிவுகளின் கதவையும் கொஞ்சம் திறந்தது. 1993 மார்ச் 6 அன்று அவர்கள் தோளில் நட்சத்திரங்களோடு வெளியே வந்தார்கள். அவர்களில் முதல் எண் பிரியா ஜிங்கனுக்கு. பெண்களை ஏன் எடுப்பதில்லை என்று ராணுவத் தளபதிக்கே கடிதம் எழுதியவர் அவர். காலாட்படைக்குப் போக ஆசைப்பட்டார், அனுமதி இல்லை. சட்டம் படித்தவர் என்பதால் ராணுவச் சட்டப் பிரிவுக்கு அனுப்பினார்கள். பத்து ஆண்டுகள் பணி செய்து மேஜராக வெளியே வந்தவர், பிறகு சனாவர் லாரன்ஸ் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தார்.

ஏன் வெளியே வந்தார் என்றால், உள்ளே இருக்க வழி இல்லை. பெண் அதிகாரிகளுக்கு முதலில் ஐந்து ஆண்டு என்றார்கள். பிறகு பத்து ஆயிற்று, அதற்கும் பிறகு பதினான்கு. பென்ஷனுக்கோ இருபது ஆண்டு வேண்டும். கூடவே குறுகிய காலப் பணியில் சேர்ந்த ஆண்கள் நிரந்தரப் பணிக்கு மாறலாம். பெண்கள் மாற முடியாது. 2008இல் சட்டம், கல்வி ஆகிய இரண்டு பிரிவுகளில் மட்டும் அந்த வாய்ப்பு வந்தது. அதனால் முப்பத்தைந்து வயதைத் தாண்டும்போது, கையில் பென்ஷன் இல்லாமல், புதிய வாழ்க்கை தேட வேண்டியவர்களாக நூற்றுக்கணக்கான பெண்கள் வெளியேறினார்கள். பள்ளிகளுக்குப் போனவர்கள் உண்டு, மனிதவளத் துறைக்குப் போனவர்கள் உண்டு. ஓய்வுபெறும் அதிகாரிகளுக்காக நடத்தப்படும் ஆறு மாத மேலாண்மைப் படிப்பை முடித்து, நிறுவனங்களில் தலைமைத்துவப் பயிற்சி கொடுக்கப் போனவர்களும் உண்டு. லீடர்ஷிப் கோச் என்பது அந்த வேலைக்கு இன்றைய பெயர்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தலைமை தாங்க நீங்கள் பொருந்தமாட்டீர்கள் என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள், தலைமை தாங்குவது எப்படி என்று ஊருக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். சிரித்துவிட்டுக் கடந்து போகலாம்தான். எனக்கு ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. ஒருத்தியிடம் அதிகாரம் இல்லாததை அவளுடைய குறையாகக் காட்டி, அந்தக் குறையைச் சரிசெய்யப் பயிற்சி தருவது நேர்மையா?

ராணுவம் என்ன சொன்னது என்று பார்ப்போம். பபிதா புனியா வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்தபோது, பெண்களுக்குப் படைப்பிரிவின் தலைமைப் பொறுப்பைத் தர முடியாததற்கு அரசு சில காரணங்களை எழுத்தில் கொடுத்தது. உடல் வலிமை, பிரசவம், குடும்பப் பொறுப்பு என்று நமக்குப் பழக்கமான பட்டியல்தான். அதில் ஒன்று மட்டும் கொஞ்சம் தனி ரகம். படைவீரர்களில் பெரும்பாலோர் கிராமத்திலிருந்து வருகிறார்கள், பெண்ணின் கட்டளைக்குக் கீழ்ப்படியும் மனநிலை அவர்களுக்கு இன்னும் வரவில்லை என்பது அந்த வாதம். 2020 பிப்ரவரி 17 அன்று நீதிபதிகள் சந்திரசூட்டும் அஜய் ரஸ்தோகியும் இவற்றையெல்லாம் பால்சார்ந்த முன்முடிவுகள் என்று ஒதுக்கிவிட்டு, நிரந்தரப் பணியும் தலைமைப் பொறுப்பும் பெண்களுக்கு மறுக்கப்படக் கூடாது என்று தீர்ப்பளித்தார்கள். பபிதா புனியா வழக்குப் போட்டது 2003இல். பதினேழு ஆண்டு!

அந்த வாதத்தைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். இந்தப் பெண்களைத் தேர்ந்தெடுத்தது யார்? ஐந்து நாள் நடக்கும் தேர்வு வாரியம். அதிகாரிக்கு வேண்டிய 15 பண்புகள் என்று ஒரு பட்டியல் வைத்து, குழுவாகப் பேசவிட்டு, தடைகளைத் தாண்டவிட்டு, மனநிலை அறியும் சோதனைகள் வைத்துத்தான் எடுக்கிறார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே பட்டியல். ஆக, அவளிடம் தலைமைப் பண்பு இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது அரசு. பிறகு, அவள் சொன்னால் கேட்கமாட்டார்கள் என்று நீதிமன்றத்தில் சொன்னதும் அதே அரசு. குறை அவளிடம் இல்லை, கேட்கிறவர்களிடம் இருக்கிறது என்று அரசே ஒப்புக்கொண்டாயிற்று. அப்படியானால் பயிற்சி யாருக்குத் தேவை?

கிராமம் என்றதும் எனக்கு இன்னொரு தேதி ஞாபகம் வருகிறது. அந்த 25 பெண்கள் நட்சத்திரம் வாங்கிய நாளிலிருந்து சரியாக ஏழு வாரம் கழித்து, 1993 ஏப்ரல் 24 அன்று, பஞ்சாயத்துகளில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் தரும் 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் அமலுக்கு வந்தது. பின்னர் தமிழ்நாடு அதைப் பாதியாக உயர்த்தியது. அதாவது எந்தக் கிராமத்து ஆண் பெண்ணை ஏற்கமாட்டான் என்று ஒரு கை எழுதியதோ, அதே கிராமத்தின் தலைவர் நாற்காலியை இன்னொரு கை பெண்ணுக்குக் கொடுத்தது.

கொடுத்ததும் எல்லாம் சரியாகிவிட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. நான் வேலை பார்ப்பது அத்திப்பட்டில். சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயிலில், எண்ணூர் தாண்டி வரும் ஊர். வடசென்னை அனல்மின் நிலையம், வல்லூர் அனல்மின் நிலையம், காமராஜர் துறைமுகம், சாம்பல், கன்டெய்னர் லாரிகள் என்று இங்கே எல்லாமே பெரிது. காற்று மட்டும் குறைவு. இதே ரயில் முடிகிற கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் ஆத்துப்பாக்கம் என்றொரு ஊராட்சி. 2020 சுதந்திர தினத்தன்று அதன் தலைவர் அமிர்தம், தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் பெண், தன் ஊரில் கொடியேற்ற முடியாமல் தடுக்கப்பட்டார். செய்தி வெளியானது. ஐந்து நாள் கழித்து, ஆகஸ்ட் 20 அன்று, மாவட்ட ஆட்சியர் மகேஸ்வரி ரவிக்குமார் நேரில் வந்து நிற்க, அவர் கொடியேற்றினார்.

அந்த ஐந்து நாளில் அமிர்தம் எந்த ஆளுமைப் பயிற்சிக்கும் போகவில்லை. அவர் நின்ற விதம் மாறவில்லை, குரல் மாறவில்லை. மாறியது அவருக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பது. நாற்காலி மட்டும் போதாது, நாற்காலிக்குப் பின்னால் அரசு நிற்க வேண்டும். சாதி குறுக்கே நிற்கும் ஊரில் இன்னும் கெட்டியாக நிற்க வேண்டும். இதை எந்த லீடர்ஷிப் புத்தகமும் முதல் பக்கத்தில் எழுதுவதில்லை.

எங்கள் கதைக்கு வருகிறேன். நான் ஒரு கன்டெய்னர் யார்டில் கேட் சூப்பர்வைசர். உள்ளே வரும் டிரெய்லரை நிறுத்தி, காகிதத்தில் இருக்கும் சீல் எண்ணும் கன்டெய்னரில் இருக்கும் சீல் எண்ணும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். ஒன்றாக இல்லையென்றால்? வண்டியைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் எனக்குக் கிடையாது. மேனேஜருக்குப் போன் போட வேண்டும். டிரைவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். “சாருக்குப் போன் போடுக்கா, எதுக்கு டைம் வேஸ்ட்டு” என்பார்கள். கோபமாகக்கூட இல்லை, சாதாரணமாகச் சொல்வார்கள். இரவில் அதே கேட்டில் அதே சம்பளத்துக்கு நிற்கும் ஆண் சூப்பர்வைசருக்கு வண்டியைத் திருப்பும் அதிகாரம் உண்டு. இரவில் மேனேஜர் இருக்கமாட்டார், அதனால். பெண்களுக்கு ஏன் இரவுப் பணி இல்லை? பாதுகாப்பு. தொழிற்சாலைச் சட்டம் பெண்களின் இரவுப் பணிக்குப் போட்டிருந்த தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000இலேயே செல்லாது என்று சொல்லிவிட்டது. எங்கள் யார்டில் அது வழக்கமாகவே தொடர்கிறது.

ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் எங்கள் ஐந்து பெண்களுக்கும் ஒரே வரி: தலைமைப் பண்பு மேம்பட வேண்டும். அதை மேம்படுத்தத்தான் அந்த முன்னாள் ராணுவ அதிகாரியை ஒரு நாள் பயிற்சிக்கு அழைத்திருந்தார்கள்.

அவரைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. நேராக நிற்பது, எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்த்துப் பேசுவது, வாக்கியத்தின் கடைசியில் குரலை இறக்காமல் இருப்பது என்று நிறையச் சொன்னார். சிலது உண்மையிலேயே பயன்பட்டது. பெண் உடம்பைச் சுருக்கிச் சுருக்கி வளர்த்த சமூகத்தில், ஒரு நாள் முழுக்கக் கை கால் விரித்து நிற்கச் சொன்னாலே அது பெரிய விடுதலைதான். மதியம் எலுமிச்சைச் சாதம் சாப்பிடும்போது நான் கேட்டேன்: “மேடம், முதல் தடவை ஜவான்கள் முன்னாடி நின்னப்போ உங்களுக்கு இந்தத் தன்னம்பிக்கை எல்லாம் இருந்துச்சா?” அவர் சிரித்தார். வாய் உலர்ந்துபோய் நின்றாராம். ஆனால் அவர் பேசுவதற்கு முன்பே அவர்கள் விறைத்து நின்று சல்யூட் அடித்துவிட்டார்களாம். இருபது வயதைத் தாண்டிய சின்னப் பெண்ணுக்கு, தகப்பன் வயது சுபேதார் உட்பட. சல்யூட் தன் முகத்துக்கு இல்லை, தோளில் இருந்த நட்சத்திரத்துக்கு என்றார். நம்பிக்கை அதற்கப்புறம் மெதுவாக வந்ததாம்.

இதைத்தான் அவர் மேடையில் சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. தன்னம்பிக்கை வந்தால் அதிகாரம் வரும் என்று பயிற்சித் துறை சொல்கிறது. ராணுவத்தில் இருந்த பெண்ணின் அனுபவம் தலைகீழ்: அதிகாரம் முன்னால் வந்தது, நம்பிக்கை பின்னால் வந்தது. மருத்துவப் பிரிவில் இதற்கு முன்பே சான்று இருக்கிறது. புனிதா அரோரா 2004இல் லெப்டினன்ட் ஜெனரல் ஆனார். அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்களுக்கும் கிராமம் உண்டு, அப்பா உண்டு, மாமா உண்டு. கேட்டார்களே!

மதிப்பீட்டுப் படிவம் என்றேன் அல்லவா? அதற்கும் உச்ச நீதிமன்றத்தில் ஒரு கதை உண்டு. 2020 தீர்ப்புக்குப் பின், நிரந்தரப் பணிக்குப் பெண்களைப் பரிசீலித்தபோது அவர்களுடைய பழைய ரகசிய அறிக்கைகளை எடுத்து மதிப்பெண் போட்டார்கள். அந்த அறிக்கைகள் எழுதப்பட்டபோது பெண்களுக்கு நிரந்தரப் பணி என்ற பேச்சே கிடையாது; எழுதியவர்களும் கவனமாக எழுதவில்லை. உடல்தகுதியில், ஆண்கள் இளம் வயதில் தாண்டிய அளவுகோலை நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கு வைத்தார்கள். லெப்டினன்ட் கர்னல் நிதிஷா வழக்கில், 2021 மார்ச் 25 அன்று, இது மறைமுகப் பாகுபாடு என்று தீர்ப்பு வந்தது. எல்லோருக்கும் ஒரே அளவுகோல் என்பது பார்வைக்குச் சமம். வாய்ப்பே தராமல் இருந்துவிட்டு வாய்ப்பின் பலனைக் காட்டு என்று கேட்பது சமம் ஆகாது. வண்டியை நிறுத்தும் அதிகாரம் இல்லாதவளிடம் தலைமைப் பண்பு எங்கே என்று கேட்கும் எங்கள் படிவத்தை, அந்தத் தீர்ப்பைப் படித்த பிறகு நான் வேறு கண்ணோடு பார்க்கிறேன்.

ராணுவத்தைப் பற்றி ஒரு பெண்ணியத் தொகுப்பில் இவ்வளவு பரிவோடு எழுதலாமா என்று ஒரு தோழி கேட்டாள். நியாயமான கேள்வி. தங்ஜம் மனோரமா கொல்லப்பட்டதற்குப் பிறகு, 2004 ஜூலை 15 அன்று இம்பாலில் காங்லா கோட்டை வாசலில் பன்னிரண்டு தாய்மார்கள் உடையைக் களைந்து நின்றதை மறந்துவிட்டு எழுத முடியாது. தலைமைப் பொறுப்பைப் பெறும் உரிமை வேறு, அந்தப் பொறுப்பு என்ன செய்கிறது என்பது வேறு. முதலாவதில் நான் பெண் அதிகாரிகள் பக்கம். இரண்டாவதில் அந்தத் தாய்மார்கள் பக்கம். ராணுவத்து ஒழுங்கை அப்படியே தொழிற்சாலைக்குக் கொண்டுவந்து, ஒப்பந்தத் தொழிலாளி வாய் திறக்காமல் கேட்பதுதான் தலைமை என்று யாராவது கற்பித்தால் அது எனக்கு வேண்டாம். எனக்கு வேண்டியது சீல் பொருந்தாத வண்டியை நிறுத்துவது; டிரைவரை விறைப்பாக நிற்க வைப்பதல்ல.

இந்த இடத்தில்தான் ரசம்மா பூபாலன் நினைவுக்கு வருகிறார். 1927இல் மலாயாவின் ஈப்போவில் பிறந்த தமிழ்ப் பெண். பதினாறு வயதில், கேப்டன் லட்சுமி தலைமை வகித்த ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து பர்மா வரை போனவர். அந்தப் படையில் ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் ஏராளம். போர் முடிந்ததும் ரசம்மா ஆசிரியரானார். ஒரே வேலை செய்யும் ஆணைவிடப் பெண் ஆசிரியருக்குச் சம்பளம் குறைவாக இருந்த காலம். நம்பிக்கையோடு பேசினால் சம்பளம் உயரும் என்று அவர் யாருக்கும் வகுப்பெடுக்கவில்லை. 1960இல் பெண் ஆசிரியர் சங்கம் தொடங்கி, அதன் தலைவராக இருந்து சம ஊதியம் கேட்டார். பிறகு கோலாலம்பூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கு முதல்வராகவும் இருந்தார். படையிலிருந்து அவர் கொண்டுவந்தது கட்டளையிடும் குரல் அல்ல, வரிசையாகச் சேர்ந்து நிற்கும் பழக்கம் என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

எங்கள் பயிற்சியாளரும் சும்மா போகவில்லை. நிர்வாகத்துக்குக் கொடுத்த அறிக்கையில், கேட் சூப்பர்வைசர்களுக்கு வண்டியை நிறுத்தும் அதிகாரத்தை எழுத்தில் கொடுங்கள், பிறகு பண்பை அளக்கலாம் என்று எழுதியிருந்தார். மனிதவளப் பிரிவில் இருக்கும் தோழி சொல்லித்தான் எனக்குத் தெரியும். பயிற்சி சிறப்பாக நடந்தது என்று சுற்றறிக்கை வந்தது. அந்த வரி அதில் இல்லை. அவரை மறுபடி அழைக்கவும் இல்லை. பணம் கொடுப்பவர் பெண்களைச் சரிசெய்யச் சொல்லும்போது, சரிசெய்ய வேண்டியது உங்கள் படிவம் என்று எழுதிக் கொடுப்பது சின்ன விஷயம் இல்லை. அது அவருடைய பிழைப்பு.

அந்த வரியை நாங்கள் எடுத்துக்கொண்டோம். இரண்டு கோரிக்கைகளோடு ஒரு கடிதம். ஒன்று, பகலோ இரவோ, ஆணோ பெண்ணோ, கேட்டில் நிற்பவருக்கு வண்டியை நிறுத்தும் அதிகாரம் வேண்டும். இரண்டு, விருப்பமுள்ள பெண்களுக்கு வேன் வசதியோடு இரவுப் பணி வேண்டும். இரண்டாவதில் கொஞ்சம் சண்டை வந்தது. எங்களில் ஒருத்திக்கு இரண்டு வயதுக் குழந்தை. மீஞ்சூரிலிருந்து வருகிறாள், மாமியாருக்கு உடம்பு சரியில்லை, எந்த இரவுக்கும் அவளால் வர முடியாது. நீங்க மூணு பேர் நைட்டுக்குப் போயிட்டா பகல்ல மிச்சம் இருக்கற நான்தான் லீடர்ஷிப் இல்லாதவளா என்று கேட்டாள். அதற்குப் பதில் எங்களிடம் இல்லை. கடிதத்தில், இரவுப் பணிக்கு வராததை மதிப்பீட்டில் குறையாக எழுதக் கூடாது என்று மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தோம். அதை அவளே தன் கையெழுத்தில் எழுதி, முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டாள்.