தருமர் சொன்ன இரண்டு நிபந்தனைகள்

நச்சுப் பொய்கைக் கரையில் தம்பியர் நால்வரும் மாண்டு கிடக்க, யட்சன் தருமரிடம் அடுக்கடுக்காகக் கேள்வி கேட்கிறான். மகாபாரதத்தின் வன பர்வத்தில் வரும் அந்தக் கேள்விகளில் ஒன்று, உலகில் மகிழ்ச்சியாக இருப்பவன் யார் என்பது. நாட்டை இழந்து காட்டில் அலைந்துகொண்டிருந்த அந்த அரசர் சொன்ன பதில் எளிமையானது. பகல் சாயும் நேரத்தில்தான் அடுப்பு மூட்டமுடிகிறது, அதிலும் வேகுவது வெறும் கீரைதான் என்றாலும், கடன் இல்லாதவனாகவும் ஊரைவிட்டுப் பிரியாதவனாகவும் தன் வீட்டில் இருப்பவனே மகிழ்ச்சியுள்ளவன் என்றார்.

கடனில்லாமை ஒன்று, சொந்த ஊரில் இருப்பு மற்றொன்று. தருமர் இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். இலங்கையின் சப்ரகமுவத் தோட்டங்களின் கதையை அறிந்தவர்களுக்கு இந்தப் பதில் நெஞ்சில் தைக்கும். அங்கே வந்து சேர்ந்த தமிழர்களுக்கு இவை இரண்டும் ஒரே நாளில் பறிபோயின.

தெஹியோவிட்ட, கேகாலை மாவட்டத்தின் தென்பகுதியில், அவிசாவளையிலிருந்து ஹட்டனை நோக்கிப் போகும் வீதியில் உள்ள சிறு நகரம். சுற்றிலும் இறப்பர், இடையிடையே தேயிலை. இந்தக் களனிவெளிப் பகுதிக்குத் தென்னிந்தியாவிலிருந்து ஆள் திரட்டிவந்த கங்காணி, வழிச்செலவு, சோறு, கம்பளி என எல்லாவற்றையும் அவரவர் பெயரில் பற்று எழுதிவைத்தார். ஒரு நாள்கூட வேலை செய்யாத மனிதர் கடனாளியாகவே தோட்டத்தில் கால் வைத்தார். வேறு தோட்டத்துக்குப் போக நினைத்தால் துரை கையெழுத்திட்ட ‘துண்டு’ வேண்டும். இன்ன தொகையைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்பதே அந்தச் சிறு தாளின் சாரம். புதிய தோட்டம் அந்தப் பணத்தைக் கட்டும். ஆளும் கடனும் சேர்ந்தே கைமாறும். கடன் தீரவில்லை, கடன்காரர்தான் மாறினார்.

சேர் பொன்னம்பலம் அருணாசலம் போன்றோர் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் கொடுமைகளை எதிர்த்துக் குரல் கொடுத்த காலம் அது. 1921ஆம் ஆண்டின் சட்டத்தோடு துண்டு முறை ஒழிந்தது. அது நடந்து நூறாண்டு கடந்துவிட்டது. ஆனாலும் தோட்டத்துக் குடும்பங்களில் கடன் என்ற பேச்சு எழும்போது பெரியவர்களின் முகம் மாறுவதற்கு அந்த நூறாண்டு போதவில்லை என்றே சொல்லவேண்டும்.

அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று வேறு வகைக் கடனுக்கு வந்திருக்கிறார்கள். ஆசிரியராகவோ, கொழும்புக் கடைகளிலோ, அவிசாவளையின் சீதாவாக்கை ஏற்றுமதி வலயத்திலோ உழைத்து, நகருக்கு அருகே பத்துப் பேர்ச்சஸ் வாங்கி, அதையே வங்கிக்கு ஈடு வைத்து வீடு கட்டுகிறவர்கள். இந்தக் கடனை யாரும் அவர்கள் தலையில் கட்டவில்லை, விரும்பி வாங்கியது. அதனால்தான் ஒரு கேள்வி எழுகிறது. வங்கி 15 ஆண்டு அவகாசம் தந்திருக்கும்போது, வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி அதை ஒன்பது பத்து ஆண்டில் அடைத்துவிடத் துடிப்பது அறமா, வெறும் அச்சமா?

முதலில் கணக்கைப் பார்க்கவேண்டும். பத்து இலட்சம் ரூபாய், 12 வீத வட்டி, 15 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை ஏறக்குறைய 12,002 ரூபாய். வங்கி தரும் தவணை அட்டவணையின் முதல் வரியை விரல் வைத்துப் பார்த்தால், அதில் வட்டிக்குப் போவது 10,000. கடனின் முதல் தொகையில் கழிவது 2,002 மட்டுமே. ஐந்து ஆண்டு தவறாமல் கட்டி, ஏழு இலட்சத்து இருபதாயிரம் கொடுத்த பிறகும், முதலில் இன்னும் எட்டு இலட்சத்து முப்பத்தாறாயிரம் நிற்கும். 15 ஆண்டு முடியும்போது வட்டியாக மட்டும் போயிருப்பது பதினொரு இலட்சத்து அறுபதாயிரம். இதே கடனில் ஆரம்பம் முதல் மாதம் மூவாயிரம் ரூபாய் கூடுதலாகக் கட்டி, அந்த மூவாயிரமும் நேராக முதலில் கழிக்கப்பட்டால், ஒன்பதே கால் ஆண்டுக்குள் கடன் முடிகிறது. மிச்சம் ஏறக்குறைய ஐந்து இலட்சம்.

மூவாயிரம் ரூபாய் சின்னத் தொகையாகத் தோன்றலாம். 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாயாக உயர்ந்தது. அந்தக் கணக்கில் மூவாயிரம் என்பது இரண்டு நாளைய உழைப்புக்கும் மேல். இறப்பர் மரத்தில் மழை நாளில் பால் வெட்ட முடியாது; களனிவெளியிலோ மழைக்குக் குறைவில்லை. வீட்டில் ஒருவர் மாதச் சம்பளக்காரர், மற்றவர் பால் வெட்டுகிறவர் என்றால், வைகாசி ஆனியில் ஒழுங்காகத் தவணை கட்டுவதே பெரும்பாடு. அப்படிப்பட்ட வீட்டுக்கு மாதாமாதம் கூடுதலாகக் கட்டும் திட்டம் ஒத்துவராது. வெயில் மாதங்களில் சேர்த்ததையும், சீட்டு விழுந்த காசையும், ஆண்டு முடிவில் வரும் போனஸையும் மொத்தமாக முதலில் கட்டுவதே பொருந்தும். கடன் தொடங்கிய முதல் சில ஆண்டுகளில் கட்டும் ஒவ்வொரு ரூபாயும் பின்னால் கட்டும் ரூபாயைவிட அதிக வட்டியை வெட்டும் என்பதால், கைக்கு வந்தவுடன் கட்டுவது நல்லது.

கணக்கு இப்படிச் சொல்கிறது. அறம் என்ன சொல்கிறது?

கெடுவுக்கு முன்னே கடனைத் தீர்க்கலாமா என்ற வாதம் நம் தத்துவ மரபில் வேறொரு உருவில் நெடுங்காலம் நடந்திருக்கிறது. பிராமணன் மூன்று கடன்களோடு பிறக்கிறான் என்கிறது தைத்திரீய சங்கிதை. தேவர்களுக்கு வேள்வியாலும், ரிஷிகளுக்குக் கல்வியாலும், பிதிர்களுக்குச் சந்ததியாலும் அவற்றைத் தீர்க்கவேண்டும். இந்த மூன்றையும் தீர்க்காமல் மோட்சத்தில் மனம் வைக்கக்கூடாது என்று மனு கண்டித்துச் சொல்கிறார். ஜாபால உபநிடதமோ, பற்று அறுந்த அன்றே துறக்கலாம் என்று கதவைத் திறந்துவிடுகிறது. கௌதமரின் நியாய சூத்திரம், கடன்கள் உள்ளவரை விடுதலையே இல்லையே என்ற ஆட்சேபத்தைத் தானே எழுப்பிக்கொள்கிறது. உரைகாரர் வாத்ஸ்யாயனர், பிறவிக்கடன் என்பது உவமையாகச் சொன்ன சொல் என்று அதற்கு விடை தருகிறார்.

இந்த வாதத்திலிருந்து வீட்டுக் கடனாளிக்குக் கிடைக்கும் வெளிச்சம் முக்கியமானது. வங்கிக் கடனுக்கு ஒரு கடைசித் தவணை உண்டு. அதை முந்தி அடைத்துவிடலாம். பிள்ளையின் படிப்பு, பெற்றோரின் மருந்து ஆகியவை அப்படிப்பட்டவை அல்ல. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் எழுதவேண்டிய பிள்ளையின் வகுப்புக் காசை நிறுத்தி, அந்தக் காசை வங்கியில் கூடுதலாகக் கட்டும் வீட்டில் கடன் குறைந்ததாகச் சொல்லமுடியாது. ஒரு கடனிலிருந்து எடுத்து மற்றொன்றில் போட்டிருக்கிறார்கள். எடுத்த இடம்தான் மூத்த கடன். பிந்திப்போன வீட்டுத் தவணைக்கு அபராத வட்டி கட்டிச் சரிசெய்யலாம்; பிள்ளைக்குப் பத்து வயது திரும்பி வராது.

அப்படியென்றால் அவகாசம் முடியும்வரை நிதானமாகக் கட்டலாமே என்றால், அதற்கும் மரபு இடம் தரவில்லை. தந்தையின் கடனைத் தீர்ப்பது மகனின் புண்ணியக் கடமை என்று தர்மசாஸ்திரங்கள் விதித்தன. சூதாட்டக் கடன், மதுக் கடன் போன்றவற்றுக்கு விலக்கு வைத்தன. இந்தியாவில் இந்த விதி நீதிமன்றங்களிலும் செல்லுபடியாகி, 2005ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டத்தால்தான் புதிய கடன்களுக்கு நீங்கியது. துண்டு முறைக் காலத்துத் தோட்டங்களில் குடும்பமே கடனாளியாக இருந்ததை நினைத்துப் பார்த்தால், அவசரப்பட்டு அடைப்பதற்கான உண்மையான காரணம் விளங்கும். கடன் வாங்கிய தலைமுறையே அதை முடித்துவிடவேண்டும். கையெழுத்துப் போடாத பிள்ளையின் தோளில் அது ஏறக்கூடாது. ஐந்து இலட்சம் வட்டி மிச்சமாவது நல்ல விஷயம், ஆனால் இரண்டாவது காரணம்.

தெஹியோவிட்டவில் கோயிலுக்கு அயலிலேயே விகாரையும் இருக்கிறது. அயலவரின் மரபும் இதில் கூர்மையாகப் பேசுகிறது. அங்குத்தர நிகாயத்தில் புத்தர் அநாதபிண்டிகர் என்ற வணிகருக்கு இல்லறத்தானின் நான்கு இன்பங்களைச் சொல்கிறார். நேர்வழியில் பொருள் சேர்த்திருப்பது, அதை அனுபவிப்பதும் ஈவதும், யாருக்கும் சிறிதும் பெரிதுமாக எந்தக் கடனும் இல்லாதிருப்பது, பழியற்ற வாழ்வு. முதல் மூன்றும் சேர்ந்தாலும் நான்காவதின் பதினாறில் ஒரு பங்குக்கு ஈடாகாது என்பது அவர் தீர்ப்பு. கடனில்லாமைக்குத் தனி இன்பம் என்ற தகுதி கொடுத்துவிட்டு, அதையே உச்சியில் வைக்காமல் விட்டது கவனிக்கத்தக்கது. பிறர் வயிற்றில் அடித்துக் கடனை அடைத்தவருக்கு மூன்றாவது இன்பம் வரும், நான்காவது வராது.

சிகாலர் என்ற இளைஞருக்குச் சொன்ன உபதேசத்தில் இன்னும் நடைமுறையாக, வருமானத்தை நான்காகப் பிரி என்கிறார் புத்தர்: ஒரு பங்கு அனுபவிக்க, இரண்டு பங்கு தொழிலுக்கு, நான்காவது பங்கு ஆபத்துக்கு. அந்த நான்காவது பங்கை எடுத்து வங்கியில் கூடுதலாகக் கட்டிவிடக் கூடாது. கட்டிய பணத்தை அவசரத்துக்குத் திருப்பிக் கேட்டால் வங்கி தராது. நகையை அடகுக் கடைக்குக் கொண்டுபோவதைத் தவிர வழியிராது. 2016 மே மாதம் புளத்கொஹுபிட்டிய, களுபஹன தோட்டத்தில் மண்சரிந்து லயத்தையே மூடியது. கேகாலை மலைச்சரிவுகளில் வீடு போனாலும் கடன் நிற்கும் என்ற நிலைமை வெறும் கற்பனையல்ல. ஊழியர் சேமலாப நிதியும் இந்த நான்காவது பங்கைச் சேர்ந்ததுதான். வீட்டுத் தேவைக்கென அதில் 30 வீதம்வரை முன்கூட்டியே எடுக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும் கடனைச் சீக்கிரம் முடிக்கவேண்டும் என்பதற்காக மட்டும் முதுமைக்கு வைத்ததில் கைவைப்பது சரியாகப் படவில்லை.

இதுவரை பேசியது கடன் வாங்கியவரின் அறம். கொடுத்தவருக்கும் அறம் உண்டு. ஒரே தடவையில் வசூலிக்கும் வட்டி முதலைத் தாண்டக்கூடாது என்று மனு எல்லை போட்டார். ரோமன் டச்சு மரபு வழியாக இதையொத்த விதி இலங்கைச் சட்டத்திலும் இருக்கிறது. ஆனால் அது காப்பது நிலுவை வைத்தவரை. மாதாமாதம் ஒழுங்காகக் கட்டுகிறவர் முதலைவிட அதிக வட்டி கட்டிமுடிப்பதை அது தடுப்பதில்லை. மேலே சொன்ன பத்து இலட்சக் கணக்கே அதற்குச் சாட்சி. நெருக்கடியிலுள்ள கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடு, விட்டுக்கொடுத்தால் அது இன்னும் நல்லது என்கிறது குர்ஆன். 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டி வீதத்தை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. நான்கு நாள் கழித்து, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்துவதாக அரசே அறிவித்தது. நாடு தன் கடனுக்கு அவகாசம் கேட்டுப் பெற்றது. மாறும் வட்டியில் வீட்டுக் கடன் வாங்கியவருக்கு வட்டிதான் ஏறியது. 12 வீதத்தில் 12,002 ரூபாயாக இருந்த தவணை, 27 வீதத்தில் 22,900 ரூபாயைத் தாண்டும். அந்த ஆண்டு வருவதற்கு முன்பே முதலைக் குறைத்து வைத்திருந்தவர்கள் தப்பினார்கள். முன்கூட்டிக் கட்டியதன் அருமை அப்போது தெரிந்தது.

தருமரின் இரண்டாவது நிபந்தனை மீதமிருக்கிறது. விவிலியத்தின் லேவியராகமம் ஐம்பதாவது ஆண்டை யூபிலி என்கிறது. அந்த ஆண்டில் விற்றுப்போன நிலம் உரியவரிடம் திரும்பும். வறுமையால் அடிமைப்பட்டவர் தன் குடும்பத்திடம் திரும்புவார். விடுதலையையும் நிலத்தையும் அதுவும் பிரித்துப் பார்க்கவில்லை. தோட்டங்களில் கடன் அடிப்படையில் தனி வீடு கட்டி, செக்ரோலில் சம்பளத்தோடு தவணை கழிந்து, கடன் தீர்ந்த பின்னும் காணி உறுதி கைக்கு வராத குடும்பங்களின் குறை தொழிற்சங்க மேடைகளில் பல ஆண்டுகளாக ஒலிக்கிறது. 2015க்குப் பின் ஏழு பேர்ச்சஸ் காணியும் உறுதியும் வழங்கும் வேலை தொடங்கியது. அது எல்லா லயங்களையும் எட்டவில்லை. 1948இல் குடியுரிமை இழந்து, பின்னர் போராடி மீட்ட மக்களுக்கு உறுதி இல்லாத வீடு முழு வீடாகாது. தவணையை முடித்தவருக்கு நிலத்தைத் தராமல் வைத்திருப்பது கடன் வசூலிப்பதைவிடக் கடுமையான அநீதி.

ஆகவே கூடுதலாகக் கட்டுகிறவர்கள், அந்தப் பணம் முதலில் கழிக்கப்படுமா, முன்கூட்டித் தீர்ப்பதற்குக் கட்டணம் உண்டா என்பதை வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கடைசித் தவணையோடு கதை முடிந்தது என்று வீடு திரும்பிவிடாதீர்கள். ஈட்டை நீக்கும் பத்திரத்தை எழுதி, காணிப் பதிவகத்தில் பதிந்து, மூல உறுதியைக் கையில் வாங்குங்கள். தோட்டத்தில் கடன் தீர்ந்த வீட்டில் உறுதியில்லாமல் இருப்பவர்கள் கழித்த தவணைகளின் சம்பளச் சிட்டைகளைச் சேர்த்துவைத்து, தோட்ட நிர்வாகத்திடமும் பிரதேச செயலகத்திடமும் எழுத்தில் உறுதி கேளுங்கள். கொடுத்த கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.