அருட்சங்கமும் தலைமையும்

பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில், ரிங்லெட் ஊரை அடுத்து அமைந்த பள்ளத்தாக்கு லெம்பா பெர்த்தாம். மலைச்சரிவில் தேயிலை, தாழ்நிலத்தில் காய்கறித் தோட்டங்கள், இடையிடையே மக்கள் குடியிருப்புகள். 1929ஆம் ஆண்டில் போ தேயிலைத் தோட்டம் உருவான காலந்தொட்டு இம்மலையின் மண்ணோடு தமிழர் உழைப்புக் கலந்துள்ளது. தமிழர் குடியேறிய தோட்டங்களிலெல்லாம் கோயில் எழுந்தது. கோயிலைச் சுற்றிப் பசனைக் குழுவும் வழிபாட்டு மன்றமும் வளர்ந்தன. உறுப்பினர் சந்தா செலுத்தி, கூடித் தொழுது, கூடி அன்னமிட்டு நடத்தும் இச்சிறு சங்கங்களே உழைக்கும் மக்களின் உள்ளத்துக்கு ஊன்றுகோலாய் நின்றவை.

இத்தகைய சங்கத்தின் தலைவர் மறைந்தாலோ, முதுமையால் விலகினாலோ, அடுத்தவர் யார் என்னும் வினா எழுகிறது. பெருநகரில் இவ்வினாவின் சுமை குறைவு. ஒரு மன்றம் பிடிக்காதவர் அடுத்த தெருவிலுள்ள மன்றத்தை நாடலாம். பள்ளத்தாக்கில் வாழ்வோர்க்கு அவ்வசதி இல்லை. பல தோட்டங்களில் கோயில் ஒன்று, சுடுகாடும் ஒன்று. தலைமையை முன்னிட்டுச் சங்கம் பிளந்தால் திருவிழா இரண்டுபடும். மணவீட்டு அழைப்புகள் நின்றுபோகும். துக்கம் கேட்கச் செல்லும் கால்களும் வாசலில் தயங்கும். இளையோர் பலர் வேலை நாடி ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சென்றுவிட்ட இந்நாளில், எஞ்சியோரும் இரு கூறானால் விளக்கேற்ற யார் இருப்பார்? ஆகவே அருட்சங்கம் தன் தலைவரை எவ்வாறு தேர்தல் வேண்டும் என்பது சட்டவிதி பற்றிய வினா மட்டுமன்று. அறம் பற்றிய வினாவும் ஆகும்.

பழைய தோட்டங்களில் இவ்வினாவுக்கு இடம் அரிது. வேலைக்களத்தில் யார் பெரியவரோ அவரே கோயிலிலும் பெரியவர். கங்காணிக்கோ பெரிய கிராணிக்கோ முதல் மரியாதை சென்றது. ஆளை வேலைக்கு வைக்கவும் நீக்கவும் வல்லவரை எதிர்த்துக் கோயில் வாசலில் யார் பேசத் துணிவார்? 1966ஆம் ஆண்டின் சங்கங்கள் சட்டம் வந்தபின், பதிவு பெற்ற சங்கங்கள் தத்தம் விதிப்படி பொறுப்பாளரைத் தேர்ந்து, ஆண்டுதோறும் பதிவிலாகாவுக்குக் கணக்குக் காட்டும் கடமை உறுதிப்பட்டது. எனினும் பலர் உள்ளத்தில் ஓர் ஐயம் நீங்கவில்லை. “கைகளை எண்ணித் தெய்வக் காரியத்துக்குத் தலைவரைத் தேர்வதா? அருள் பெற்றவர் யார் என்பதைப் பெரும்பான்மை அறியுமா?” என்பதே அவ்வையம். எளிதில் தள்ளத்தக்க ஐயமன்று இது.

இவ்வையத்தை உலகறியச் சந்தித்த சங்கம் ஒன்று தமிழ்நாட்டிலேயே உண்டு. அது சென்னை அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்ட பிரம்மஞான சபை. 1875ஆம் ஆண்டில் நியூயார்க்கில் தோன்றிய இச்சபைக்குக் கர்னல் ஆல்காட் தொடக்கம் முதல் தலைவராக இருந்தார். 1907ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் அடையாற்றில் நோயுற்றுக் கிடந்தபோது, மகாத்துமாக்கள் தம் படுக்கையருகே தோன்றி, அன்னி பெசன்ட் அம்மையாரை அடுத்த தலைவராக முன்மொழியும்படி பணித்ததாக அறிவித்தார். பிப்ரவரி 17ஆம் நாள் அவர் மறைந்தார். உலகெங்குமுள்ள உறுப்பினரிடையே பெரும் விவாதம் மூண்டது. காட்சியை நம்பினோர் சிலர். அது நோயாளியின் மயக்கமோ என ஐயுற்றோர் சிலர். காட்சி மெய்யே ஆயினும் அதைத் தேர்தலுக்குள் கொண்டுவருதல் முறையன்று என்றோர் சிலர். சபையின் விதியோ உறுப்பினர் வாக்கை வேண்டியது. வாக்கெடுப்பு நிகழ்ந்தது, பெசன்ட் அம்மையார் பெரும்பான்மையால் தலைவரானார்.

மகாத்துமாக்களின் பெயரால் அச்சபையில் எழுந்த பூசல் இது முதலாவதன்று. மகாத்துமாக்களிடமிருந்து வந்தவை எனக் கூறப்பட்ட கடிதங்கள் பற்றிய வழக்கால், 1895ஆம் ஆண்டில் அமெரிக்கக் கிளையின் பெரும்பகுதி வில்லியம் ஜட்ஜ் தலைமையில் பிரிந்து சென்றது. இவ்விரு நிகழ்ச்சிகளும் ஓர் உண்மையை உணர்த்துகின்றன. ஒருவர் காதில் மட்டும் விழுந்த குரல் அவருக்கு வழிகாட்டலாம். அதற்கு அவர் தம் வாழ்வையே காணிக்கையாக்கலாம். அதே குரலைக் காட்டிப் பிறரைப் பணியவைக்கும்போது, ஆராய்ந்து பார்க்கும் உரிமையை அவர்களிடமிருந்து பறித்து விடுகிறார். தோட்டத்துக் கோயிலில் சாமி வந்து ஆடுபவர் ஒரு பெயரைச் சொன்னாலும் இதே நிலைதான். நம்புவோர் நம்பலாம். நம்பாதவரைத் தெய்வ நிந்தனை செய்தவராக்கினால், அங்கே அருள் அச்சுறுத்தும் கருவியாகிவிடும்.

அங்ஙனமாயின் வாக்கு எதைத் தீர்மானிக்கிறது? இங்கே இரு பொருள்களைப் பிரித்தறிதல் வேண்டும். குரு என்பவர் வேறு. சங்கத் தலைவர் வேறு. தன் உள்ளத்துக்கு வழிகாட்டுபவர் இவர் என ஒருவன் தானே உணர்ந்து ஏற்பதால் குரு அமைகிறார். அவனுக்காக இன்னொருவன் கை தூக்க இயலாது. சங்கத் தலைவரோ பலர்க்கும் பொதுவான பொருளின் காவலர்: உண்டியலின் சாவி, நிலத்தின் பத்திரம், சந்தாக் கணக்கு, அன்னதானத்துக்கு வந்த அரிசி ஆகியவற்றுக்குப் பொறுப்பானவர். இக்காவலை யாரிடம் ஒப்படைப்பது என்பதைப் பொருளுக்கு உடையோர் அனைவரும் கூடி முடிவு செய்தலே நேர்மை. வாக்கெடுப்பு ஞானத்தை அளப்பதில்லை, நம்பிக்கையை ஒப்படைக்கிறது. இவ்வேறுபாடு மறக்கப்படும்போது, வாக்கில் வென்றவர் தம்மை ஞானியாகவும், தோற்றவர் தம்மை அவமதிக்கப்பட்ட ஞானியாகவும் கருதத் தொடங்குகின்றனர்.

காவலரிடம் காணவேண்டிய தகுதி யாது? தமிழ் மண் இதற்குத் தொன்மையான விடை ஒன்றைக் கல்லில் பொறித்து வைத்துள்ளது. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளுக்கு உரியவை, குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. வாரியத்துக்கு வருவோர் 35 வயதுக்குக் குறையாமலும் 70 வயதுக்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும். அண்மை மூவாண்டுகளில் வாரியப் பொறுப்பு வகித்தவர் பெயரை ஓலையில் எழுதலாகாது. முன்னர்ப் பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவர்க்கும் அவர்தம் உறவினர்க்கும் இடமில்லை. ஓலையைக் குடத்திலிருந்து எடுப்பவன் ஒரு சிறுவன். அம்முறை நிலமும் வேதக் கல்வியும் உடைய அந்தணர்க்கே உரியதாய் இருந்தது. உழைப்பாளிக்கும் பெண்ணுக்கும் அதில் இடமில்லை. அக்குறையை மறைத்துப் பெருமை பேசுதல் நன்றன்று. எனினும் கணக்குக் காட்டாதவன் மீண்டும் வரலாகாது, ஒருவரே பதவியில் ஊன்றி நிற்கலாகாது என்னும் இரு விதிகள் இன்றைய அருட்சங்கங்களுக்கும் பொருந்துவன.

கணக்கைப் போலவே தொண்டும் யாவரும் காணத்தக்க சான்று. மலாயாத் தமிழர்க்கு நெருக்கமான எடுத்துக்காட்டு ஒன்றுண்டு. பத்தமடையில் பிறந்த மருத்துவர் குப்புசாமி 1913 முதல் 1923 வரை மலாயாவில் மருத்துவப் பணியாற்றி, பின்னர்ச் சுவாமி சிவானந்தராகி, 1936ஆம் ஆண்டில் ரிஷிகேசத்தில் தெய்வ வாழ்க்கைச் சங்கத்தை நிறுவினார். 1963ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள் அவர் மறைந்தார். அடுத்த மாதமே சுவாமி சிதானந்தர் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் தொழுநோயாளரைத் தொட்டுப் பணிவிடை செய்தவர். அதை அறிவதற்கு எவர்க்கும் அகக்காட்சி தேவைப்படவில்லை. கண்களே போதுமானவையாக இருந்தன.

பதவியை விடுதலும் தகுதியின் ஒரு பகுதியே. பேலூர் மடத்தை நிறுவிய சுவாமி விவேகானந்தர் 1901ஆம் ஆண்டில், தாம் உயிரோடிருக்கும்போதே, மடத்தை அறங்காவலரிடம் ஒப்படைத்தார். சுவாமி பிரம்மானந்தர் தலைவரானார். மறு ஆண்டு விவேகானந்தர் மறைந்தபோது மடம் தலைமையின்றித் தவிக்கவில்லை. தமக்குப்பின் யார் என்று கேட்பதையே குற்றமாகக் கருதும் தலைவர்கள் எண்ணிப் பார்க்கவேண்டிய செயல் இது.

தோற்றவரின் கடமை இதனினும் கடினமானது. 1980ஆம் ஆண்டில் அதே பிரம்மஞான சபையின் தலைமைக்குக் கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேலும், அவர்தம் தமையன் மகள் ராதா பர்னியரும் போட்டியிட்டனர். மருமகள் வென்றார், அத்தை தோற்றார். 1895ஆம் ஆண்டில் நேர்ந்தது போன்ற பெரும்பிளவு அப்போது நேரவில்லை. கண்ணுக்குத் தெரியாத குரலைப் பற்றிய வழக்குக்கு முடிவு காண்பது கடினம். எண்ணித் தீர்க்கப்பட்ட வாக்கை ஏற்றுக்கொள்ள வழியுண்டு.

தேர்தலே பகையை வளர்க்கும், ஆதலின் போட்டியின்றித் தேர்வதே சிறப்பு என்பர் சிலர். ஒருமனம் மெய்யாகவே அமையுமாயின் அதனினும் இனியது வேறில்லை. ஆயின் ஒருமனத்துக்கும் வாய்மூடிய அச்சத்துக்கும் வேறுபாடு உண்டு. ஆண்டு முழுதும் கோயில் முற்றத்தைக் கூட்டி, அடுப்பில் புகையுண்டு, பொங்கலிடும் பெண்கள் ஆண்டுக் கூட்டத்தில் பின்வரிசையில் பேசாதிருப்பார்களாயின், அங்கே நிறைவேறிய தீர்மானத்தை ஒருமனத் தீர்மானம் என்று எழுதுவது பொய்யாகும். முதலில் அவர்களைக் கேட்கட்டும். பின்னர்ப் போட்டி வேண்டுமா வேண்டாவா என முடிவு செய்யட்டும்.

வள்ளலார் 1867ஆம் ஆண்டில் வடலூரில் தருமச்சாலையை நிறுவி ஏற்றிய அடுப்பு இன்றளவும் அணையாது எரிகிறது. 1874ஆம் ஆண்டில் அவர் மறைந்தபின் எத்தனையோ பேர் அதற்கு விறகிட்டிருப்பர். பெரும்பாலோர் பெயரை எவரும் அறியார். பசித்தவர்க்குச் சோறு மட்டும் தவறாது கிடைத்து வருகிறது. லெம்பா பெர்த்தாமின் சிறு சங்கமும் தலைவரைத் தேரும் நாளில் இதனை எண்ணிப் பார்க்கலாம். வென்றவர் முதல் வாரத்திலேயே கணக்கேட்டை எல்லார் முன்னும் விரித்து வைக்கட்டும். மாலையோடு தம் வீடு செல்லுமுன் தோற்றவர் வீட்டுக்குச் செல்லட்டும். தமக்குப்பின் பொறுப்பேற்க இளையோர் இருவரைப் பழக்கத் தொடங்கட்டும். தோற்றவரோ அடுத்த வெள்ளிக்கிழமை வழக்கம்போல் வந்து, வழக்கமான இடத்தில் அமர்ந்து, உடன் பாடட்டும். அந்த வெள்ளிக்கிழமையில்தான் தேர்தல் நிறைவு பெறுகிறது.