உன் காதுக்கு யாரிடம் அனுமதி கேட்கிறாய்?

போன வாரம் ரயிலில் பக்கத்து இருக்கையில் ஒரு தம்பி உட்கார்ந்திருந்தான். கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. என் ஹெட்போனிலிருந்து கசிந்த ஓசை அவனை இழுத்திருக்க வேண்டும். "என்ன பாட்டுண்ணா இது?" என்றான். ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்தேன். கேட்கக் கேட்க அவன் கண் விரிந்தது. "பாடுறவங்களே இல்லையேண்ணா! இந்த மாதிரி எலக்ட்ரானிக் ஆல்பம் நாலஞ்சு சொல்லுங்களேன்" என்றான். அதோடு நிறுத்தியிருந்தால் சொல்லிவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். குரலைத் தாழ்த்தி இன்னொன்றையும் சேர்த்தான்: "எனக்கு மியூசிக் ஒண்ணும் தெரியாதுண்ணா. தப்பா நினைச்சுக்காதீங்க."

அதற்குள் என் நிறுத்தம் வந்துவிட்டது. இரண்டு பெயர்களை அவசரமாகச் சொல்லிவிட்டு இறங்கினேன். சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

தம்பி, யாரிடம் மன்னிப்புக் கேட்டாய்? எதற்காகக் கேட்டாய்? ஓர் ஒலியைக் கேட்டு உன் கண் விரிந்ததே, அது என்ன குற்றமா? பசித்தவன் சாப்பிட உட்காரும்போது "எனக்குச் சமைக்கத் தெரியாது, மன்னித்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டா இலையில் கை வைக்கிறான்?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பாய். உன் வயதில் நானும் அதே மன்னிப்பைக் கேட்டவன். நண்பர் ஒருவரின் வீட்டில் நாலு பேர் உட்கார்ந்து வெளிநாட்டு இசைத்தட்டுகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். "டெக்னோன்னா என்ன?" என்று கேட்டேன். அவர்களில் ஒருவர் சிரித்தார். "அதுக்கெல்லாம் ஒரு பழக்கம் வேணும்ப்பா" என்றார். அவர் அந்த நிமிடமே அதை மறந்திருப்பார். நான் அந்தச் சிரிப்பை வீட்டுக்குச் சுமந்து வந்தேன். அடுத்த நான்கு வருடம் அந்தப் பக்கமே போகவில்லை. நான்கு வருடம், தம்பி! கேட்டிருக்க வேண்டிய ஆல்பங்களை, அழுதிருக்க வேண்டிய இரவுகளை, ஒரு மனிதனின் அரை விநாடிச் சிரிப்புக்கு விற்றுவிட்டேன். இன்றும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது. உன் வருடங்களை நீ விற்காதே.

இந்த இசையைச் செய்தவர்கள் யார் என்று தெரிந்தால் உன் கூச்சம் ஓடிவிடும். பிரான்சில் ழான் மிஷேல் ழார் என்ற இளைஞன். வயது இருபத்தெட்டுதான். பாரிஸில் தான் குடியிருந்த வீட்டின் சமையலறையில் சிந்தசைசர்களையும் எட்டுத் தட டேப் ரெக்கார்டர் ஒன்றையும் வைத்துக்கொண்டு ஓர் ஆல்பம் செய்தான். பாடகர் இல்லை. பகுதிகளுக்குப் பெயர்கூட இல்லை. ஒன்று, இரண்டு என்று ஆறு வரை எண்கள் மட்டும். அட்டையில் பூமி உருண்டையின் தோல் உரிந்து உள்ளே மண்டையோடு தெரிகிறது. நிறுவனம் நிறுவனமாக ஏறி இறங்கினான். பலரும் வேண்டாம் என்றார்கள். கடைசியில் ஒரு சின்ன நிறுவனம் 1976 டிசம்பரில் அதை வெளியிட்டது. அதுதான் 'ஆக்சிஜன்'. உலகம் முழுக்க ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. வேண்டாம் என்றவர்கள் எல்லாருமே இசைத்தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். "இதெல்லாம் யார் கேட்பார்கள்" என்று அவர்கள் போட்ட கணக்கில் ஒரு கோடிப் பேர் விடுபட்டுப் போனார்கள்.

இங்கிலாந்தில் டெலியா டெர்பிஷயர் என்ற பெண். கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் படித்தவர். ஒலிப்பதிவு வேலை கேட்டுப் பெரிய இசைத்தட்டு நிறுவனம் ஒன்றுக்குப் போனார். எங்கள் ஸ்டுடியோவில் பெண்களை வேலைக்கு வைப்பதில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அவர் வீட்டில் போய் முடங்கவில்லை. பிபிசியில் வேறு வேலையில் சேர்ந்து, அங்கிருந்து அதன் ஒலிக்கூடத்துக்குள் நுழைந்தார். 1963-இல் 'டாக்டர் ஹூ' தொலைக்காட்சித் தொடருக்கு ரான் கிரெய்னர் எழுதித் தந்த இசைக்குறிப்பை வைத்துக்கொண்டு, சிந்தசைசர் கடையில் கிடைக்காத அந்தக் காலத்தில், ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியாகப் பதிவு செய்தார். டேப்பை பிளேடால் வெட்டினார். துண்டுகளை ஒட்டினார். வேகத்தைக் கூட்டிக் குறைத்து சுருதி சேர்த்தார். இன்று நீ கணினியில் விரலைத் தட்டி முடிக்கும் வேலையை அவர் சென்டிமீட்டர் சென்டிமீட்டராக அளந்து செய்தார். திரையில் அவர் பெயர் வர ஐம்பது ஆண்டுகள் ஆயின; அப்போது அவர் உயிரோடு இல்லை. இதை எழுதும்போது எனக்கு இப்போதும் கை நடுங்குகிறது.

தோமா, கீ மனுவேல் என்று பாரிஸில் இரண்டு பையன்கள். அவர்களுடைய முதல் இசைக்குழுவை ஒரு பிரிட்டிஷ் பத்திரிகை அசட்டுத்தனம் என்று எழுதித் தள்ளியது. அந்த வசவிலிருந்த சொற்களையே எடுத்து 'டாஃப்ட் பங்க்' என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள்! 1997-இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தின் பெயர் 'ஹோம்வொர்க்'. வீட்டுப் படுக்கையறையில் செய்தது, அதனால் அந்தப் பெயர். உடம்பு சோர்ந்து கிடக்கும் நாளில் அதைப் போடு. கால் தானாக எழும்.

நம் மொழியில் ஒரு சொல் இருக்கிறது: கேள்வி ஞானம். குருவிடம் உட்கார்ந்து படிக்காதவனும் கேட்டுக் கேட்டே இசையை அறிவான் என்று நம்பிய மக்கள் உண்டாக்கிய சொல் அது. திருவிழாவில் நாகஸ்வரத்துக்கு எதிரே தரையில் உட்கார்ந்து விடிய விடியக் கேட்டவர்கள் யாரும் நுழைவுத் தேர்வு எழுதவில்லை. "இன்னிக்கு ஆள் சரியா வாசிக்கல" என்று முகத்துக்கு நேரே சொல்லும் துணிச்சல் அவர்களுக்கு இருந்தது. அந்தத் துணிச்சலுக்கு வாரிசு நீ. இன்னொன்றையும் கவனி. உன் காது எலக்ட்ரானிக் ஒலிக்குப் புதிதே இல்லை. 'ரோஜா' வந்தது 1992-இல். கோடம்பாக்கத்தில் வீட்டோடு சேர்ந்த பஞ்சதன் ஸ்டுடியோவில் கீபோர்டுகளையும் கணினியையும் வைத்து ரஹ்மான் கட்டிய ஒலி உலகம் நீ பிறப்பதற்கு முன்பே உன் வீட்டு டேப் ரெக்கார்டரில் ஓடியது. தொட்டிலில் கேட்டதைத்தான் இப்போது தேடிப் போகிறாய்.

இனி நான் உனக்கு மிகவும் சொல்ல விரும்பும் ஆல்பத்துக்கு வருகிறேன்.

பம்பாயில் சரண்ஜித் சிங் என்று ஒரு கலைஞர். இந்திப் படங்களின் பாடல் பதிவுகளில் கித்தாரும் கீபோர்டும் வாசித்தவர். இசையமைப்பாளர் பெயர் பெரிதாக வரும், இவர்கள் பெயர் வராது. அப்படிப் பின்னால் உட்கார்ந்து வாசித்தே ஆயுளைக் கழித்த ஆயிரம் பேரில் ஒருவர். அப்போது ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் டிபி-303 என்ற சின்னப் பெட்டியைக் கொண்டுவந்திருந்தது. தனியாகப் பயிற்சி செய்யும் கித்தார்காரருக்கு பேஸ் கித்தார் துணை கொடுப்பதற்கான கருவி. பேஸ் கித்தார் போல அது ஒலிக்கவில்லை. வாங்க ஆளில்லாமல் 1984-இல் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். அதற்கு முன்பே சரண்ஜித் சிங் அதை வாங்கியிருந்தார். டிஆர்-808 என்ற தாள இயந்திரத்தையும் ஜூபிடர்-8 சிந்தசைசரையும் சேர்த்துக்கொண்டார். தாளத்தை டிஸ்கோ வேகத்தில் ஓடவிட்டு, அதன் மேல் பத்து ராகங்களை வாசித்தார். 1982-இல் எச்எம்வி இசைத்தட்டாக வெளிவந்தது. யாரும் வாங்கவில்லை.

ஐந்து வருடம் கழித்து, 1987-இல், சிகாகோவில் ஃப்யூச்சர் என்ற பெயரில் மூன்று இளைஞர்கள் அதே 303 பெட்டியின் திருகுகளை முறுக்கிக் கண்டெடுத்த ஒரு கீச்சொலியை இசைத்தட்டாகக் கொண்டுவந்தார்கள். 'ஆசிட் ஹவுஸ்' என்று ஓர் இசை வகையே அதிலிருந்து பிறந்து ஐரோப்பாவை ஆட்டிவைத்தது. அவர்களுக்கு சரண்ஜித் சிங்கைத் தெரியாது, இவருக்கு அவர்களைத் தெரியாது. பிறகு 2002-இல் இந்திய இசைத்தட்டுகளைத் தேடி அலைந்த ஒரு டச்சுக்காரர் கையில் அந்தப் பழைய தட்டு சிக்கியது. ஊசியை வைத்தவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆசிட் ஹவுஸின் ஒலி, அது பிறப்பதற்கு ஐந்து வருடத்துக்கு முன்பே, பம்பாயில்! 2010-இல் மறுவெளியீடு வந்தது. எழுபது வயதைத் தாண்டிய சரண்ஜித் சிங் ஐரோப்பிய மேடைகளில் ஏறி வாசித்தார். இளைஞர்கள் ஆடினார்கள். 2015-இல் மறைந்தார்.

'டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' என்று தேடு. அதில் பூபாலியைப் போடு. அங்கே பூபாலி, இங்கே மோகனம். மால்கௌன்ஸ் நம் இந்தோளம். யமன் நம் கல்யாணி. பெயர் தெரியாவிட்டாலும் எத்தனை சினிமாப் பாட்டில் உன் காதுக்குள் இறங்கிய ஸ்வரங்கள் அவை! 303-இல் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும் வசதி உண்டு. ராகம் கேட்ட காதுக்கு அந்த வழுக்கல் போதும்; உட்கார்ந்திருக்கும் இயந்திரம் பாட ஆரம்பித்துவிடும். இந்த ஆல்பத்தை விளக்க ஒரு நிபுணன் தேவையா உனக்கு? அந்த நிபுணனுக்குப் பூபாலியை நீ சொல்லிக்கொடுக்கலாம்.

இது மேற்கத்தியர் சொத்து, நமக்கு ஒட்டாது என்று யாராவது சொன்னால் அகமதாபாத்தை நினைவில் வை. அங்கே தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-லேயே மூக் சிந்தசைசர் வந்து இறங்கியது. கீதா சாராபாய், அதுல் தேசாய் போன்றவர்கள் அதில் பதிவு செய்த டேப்புகள் பல பத்தாண்டுகள் பெட்டியில் கிடந்து, 2023-இல் 'தி என்ஐடி டேப்ஸ்' என்ற ஆல்பமாக வந்தன. கரடுமுரடான சோதனைகள்தான். முதல் மாதத்தில் கேட்காதே, ஆனால் கேள்.

ஜெர்மனிக்குப் போகலாம். டுஸல்டார்ஃப் நகரத்தில் கிராஃப்ட்வெர்க் என்ற குழு. போருக்குப் பின் பிறந்த தலைமுறை. வானொலி முழுக்க ஆங்கில ராக் இசை. அதைப் பார்த்து நகலெடுத்திருந்தால் நாலோடு ஐந்தாகப் போயிருப்பார்கள். தங்கள் ஊர் நெடுஞ்சாலையைப் பற்றித் தங்கள் மொழியில் பாடினார்கள். 1974-இல் வந்த 'ஆட்டோபான்' ஆல்பத்தில் அந்த ஒரு பாட்டே இருபத்திரண்டு நிமிடம், தட்டின் ஒரு பக்கம் முழுக்க. கார் கதவு சாத்தும் ஒலியில் தொடங்கும். 1977-இல் 'டிரான்ஸ் யூரோப் எக்ஸ்பிரஸ்'. தண்டவாளத்தின் தாளத்தை இயந்திரத்துக்கு மாற்றினார்கள். நியூயார்க்கின் கறுப்பின இளைஞர்கள் அதன் மெட்டை எடுத்து 1982-இல் 'பிளானட் ராக்' செய்தார்கள். டெட்ராய்டில் ஹுவான் அட்கின்ஸும் அவர் நண்பர்களும் கிராஃப்ட்வெர்க்கைக் கேட்டு வளர்ந்துதான் டெக்னோவை உண்டாக்கினார்கள். அன்று நான் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, பார்!

கொஞ்சம் அமைதி வேண்டுமா? பிரையன் ஈனோ. தன்னை இசைக்கலைஞன் இல்லை என்றே சொல்லிக்கொண்டவர். 1975-இல் விபத்தில் அடிபட்டுப் படுக்கையில் கிடந்தார். பார்க்க வந்த தோழி கொடுத்துவிட்டுப் போன யாழிசைத் தட்டு மிக மெல்லக் கேட்டது. எழுந்துபோய்ச் சத்தத்தைக் கூட்ட உடம்பில் தெம்பில்லை. மழையோசையோடு கலந்து பாதி கேட்டும் கேட்காமலும் இருந்த அந்த இசையிலிருந்து அவருக்கு ஒரு வழி திறந்தது. 1978-இல் 'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்'. அதில் ஒரு பகுதியில் குரல் பதிந்த டேப் வளையங்கள் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒன்று சுற்றிவர இருபத்து மூன்று விநாடிச் சொச்சம், இன்னொன்றுக்கு இருபத்தைந்து சொச்சம், மற்றொன்றுக்கு முப்பதுக்குச் சற்றுக் குறைவு. அளவு ஒத்துவராததால் அவை சேரும் விதம் மாறிக்கொண்டே போகும். தேர்வுக்கு முந்தைய இரவு, வீட்டில் சண்டை நடந்த இரவு, ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருக்கும் இரவு, அப்போது இது உன் பக்கத்தில் உட்காரும். என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது.

இங்கிலாந்தின் கார்ன்வால் பக்கத்துப் பையன் ஒருவன் கேசட்டில் பதிந்து வைத்தவை 1992-இல் 'செலக்டட் ஆம்பியன்ட் வொர்க்ஸ் 85–92' என்று வந்தன. ஏஃபெக்ஸ் ட்வின் என்று பெயர் வைத்துக்கொண்டான். பிறந்தது 1971. தலைப்பை வைத்துக் கணக்குப் போடு, முதல் பதிவின்போது பதினான்கு வயது. இரவு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்க 'அன்ட்ரூ', 2007. பரியல் என்ற புனைபெயரில் லண்டன் இளைஞன் செய்தது. ஒலிக்கோப்பு திருத்தும் சாதாரண மென்பொருளில், அலைவடிவத்தைக் கண்ணால் பார்த்துப் பார்த்துத் தாளத்தை அடுக்கியிருக்கிறான். மழையும் இசைத்தட்டின் கீறல் ஒலியும் கலந்து வரும். விலை உயர்ந்த கருவி இல்லை என்று நீ இனி எதற்கும் சொல்லக் கூடாது.

கேட்கும் முறை பற்றி ஒன்றிரண்டு. போன் ஸ்பீக்கரில் கேட்காதே. கீழ் ஸ்தாயி அதில் வராது, இந்த இசைக்கு முதுகெலும்பே அதுதான். இருநூறு ரூபாய் இயர்போன் போதும். பாட்டுக்களை மாற்றிக் கலைத்துப் போடாதே, ஆல்பம் கட்டிய வரிசையிலேயே கேள். ஒரே ஆல்பத்தை ஒரு வாரத்துக்குள் மூன்று முறை. முதல் முறை ஒன்றும் தோன்றாவிட்டால் உன்னிடம் குறையில்லை, உன் காது வேலையைத் தொடங்கியிருக்கிறது. மூன்றாம் முறையும் பிடிக்கவில்லையா? தூக்கிப் போடு! உலகமே கொண்டாடும் ஆல்பமாக இருக்கட்டும், நான் உயிரைக் கொடுத்துப் பரிந்துரைத்ததாக இருக்கட்டும், எனக்கு இது பிடிக்கவில்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல். ஏன் என்று ஒரு வரி ஒரு நோட்டில் எழுதி வை.

இன்று இரவு சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவியதும் மொட்டைமாடிக்குப் போ. 'ஆக்சிஜன்' முதல் பகுதி. எடுத்த எடுப்பில் தாளம் எதிர்பார்க்காதே, காற்று வீசுவது போல் மெல்லத்தான் வரும். நாற்பது நிமிடம் போனை எடுக்காதே. நான் புதன்கிழமைதோறும் அதே ரயிலில்தான் வருகிறேன். பார்த்தால் அந்த நோட்டைக் கொண்டுவா. பிடிக்காத ஆல்பத்திலிருந்து ஆரம்பிக்கலாம்.