யோர்தானைக் கடக்குமுன்



நம் நாட்டுக்குத் தரை எல்லை கிடையாது. நாலு புறமும் கடல். ஆகவே பஸ்ஸில் அமர்ந்தபடியே ஒரு நாட்டை விட்டு அடுத்த நாட்டுக்குள் புகுவது கல்முனைக் கரையோரத்து மக்களாகிய நமக்குப் பழக்கமில்லாத காரியம். திருநாட்டுக்கு யாத்திரை போகிறவர்களில் பலர் அதை முதன்முதலில் காண்பது யோர்தான் நதிக்கரையிலேதான். அம்மான் நகரில் விமானத்தால் இறங்கி, ஒரு மணி நேரம் மலையிறங்கிப் போனால், எரிக்கோவுக்குக் கிழக்கே அந்தப் பாலம் வருகிறது. அதற்கே மூன்று பெயர்: யோர்தானியருக்கு மன்னர் ஹுசைன் பாலம், இஸ்ரவேலருக்கு, முதல் உலகப் போரில் படை நடத்திய ஆங்கிலத் தளபதியின் பெயரால், அலன்பி பாலம், பாலஸ்தீனருக்குக் கராமா.

இந்த எல்லைக்கு ஆயத்தமாவதென்றால் என்ன? கடவுச்சீட்டு இன்னும் 6 மாதமாவது செல்லுபடியாக வேண்டும். இஸ்ரவேல் விசாவை முன்னதாகவே எடுத்திருக்க வேண்டும். சொந்த வாகனத்தில் கடக்க முடியாது. அதற்கென ஓடும் பஸ்ஸில்தான் ஏற வேண்டும். வெள்ளி, சனிகளில் நேரத்தோடு பூட்டிவிடுவார்கள். 2023 அக்டோபரில் மூண்ட போருக்குப் பிறகு இந்தப் பாலம் பல தடவை மூடித் திறக்கப்பட்டிருப்பதால், புறப்படும் வாரத்திலேயே விசாரித்துக்கொள்வது நல்லது. முதியவர்கள் மருந்தைக் கைப்பையிலேயே வைத்திருக்கட்டும். காத்திருப்பு மணிக்கணக்கில் நீளும்.

இவையெல்லாம் முகவர் சொல்லித் தருவார். அவர் சொல்லித் தராத ஆயத்தமும் உண்டு.

யோசுவா இதே சமவெளியில்தான், எரிக்கோவுக்கு எதிரே, மக்களை நிறுத்தினார். மூன்று நாளில் நதியைக் கடப்போம், வழியுணவைத் தயார் செய்யுங்கள் என்பது முதல் கட்டளை. நதியண்டை வந்ததும் இன்னொரு கட்டளை பிறந்தது: உங்களைத் தூய்மைப்படுத்திக்கொள்ளுங்கள் என்று. நாம் முதற் கட்டளையில் கெட்டிக்காரர். பெட்டிக்குள் மிளகாய்த்தூளும் மாசிச் சம்பலும் போய்விடும். இரண்டாவதற்குப் புறப்படுவதற்கு முந்தின மாலை ஓர் அவசரப் பாவசங்கீர்த்தனம் போதுமென்று எண்ணுகிறோம்.

அதே நதியின் துறைகளில் பிற்காலத்தில் நடந்த ஒன்றை நீதித் தலைவர்கள் நூலில் வாசித்துப் பாருங்கள். கிலயாத்தியர் துறைகளைப் பிடித்துக்கொண்டு, கடக்க வந்தவனிடம் ‘ஷிபோலேத்’ என்று சொல்லச் சொன்னார்கள். எப்பிராயீமியன் நாவில் ‘ஷி’ வராது, ‘சி’ என்பான். (நம்மிலும் பலருக்கு வராது!) அந்த ஓர் எழுத்துக்காக அங்கே வெட்டுண்டவர் 42,000 பேர் என்கிறது வேதாகமம். வெட்டியவரும் வெட்டுண்டவரும் அந்நியரல்ல; ஒரே இஸ்ரவேலின் கோத்திரங்கள், ஒரே மொழியினர்.

தூரத்துக் கதையா இது? 1983 யூலையில் வாளிக்குரிய சிங்களச் சொல்லைச் சொல்லச் சொல்லித் தமிழரைப் பிரித்தெடுத்தார்கள் என்று தப்பிவந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அது பிறர் நமக்குச் செய்தது. ஆனால் நம் கரையோரத்தில்? தமிழரும் முஸ்லிம்களும் பேசுவது ஒரே தமிழ். தாய்வழிக் குடிமுறைகூட இரு சாராருக்கும் பொது. ஒரு வீட்டில் அப்பா, அடுத்த வீட்டில் வாப்பா. ஒரு வீட்டில் அம்மா, அடுத்த வீட்டில் உம்மா. அந்த ஒரு சொல் உயிரைத் தீர்மானித்த நாட்களும் வந்தன. 1985 ஏப்ரலில் காரைதீவில் மூண்ட தீயை மூத்தவர்கள் மறக்கவில்லை. 1990 ஆகஸ்டு என்ற ஒரே மாதத்தில் காத்தான்குடிப் பள்ளிவாசலிலும் இரத்தம் சிந்தியது, வீரமுனைக் கோவிலிலும் இரத்தம் சிந்தியது. எது முதல், எது பதிலுக்கு என்று கணக்குப் பார்ப்போர் இன்றும் உண்டு. அந்தக் கணக்குப் புத்தகத்தையும் பெட்டிக்குள் வைத்துக்கொண்டா யோர்தானைக் கடப்பது?

இந்த இடத்தில் நாம் பாடம் கேட்க வேண்டியது அயல் வீட்டாரிடந்தான். ஹஜ்ஜுக்குப் புறப்படும் முஸ்லிம் பெரியவரைப் பார்த்திருப்பீர்கள். கடனைத் தீர்க்கிறார், மரணசாசனம் எழுதுகிறார், உறவினர், அயலவர் வாசலுக்கெல்லாம் போய், தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழையைப் பொறுத்துக்கொள்ளும்படி கேட்கிறார். தமிழர் வீட்டுப் படலையையும் தட்டுகிறவர்கள் உண்டு. காணிக்கையைப் பீடத்தடியில் விட்டுவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு சமாதானமாகு என்ற நம் ஆண்டவரின் போதனையை அவர் மலைப்பொழிவில் வாசித்தவரல்லர், ஆனால் செய்கிறார். நாமோ ஞாயிறு தோறும் கேட்கிறோம்.

யேசு ஞானஸ்நானம் பெற்ற இடத்தில் நதியின் அகலம் சில பாகந்தான். கிழக்குக் கரை யோர்தான். 2000 மார்ச்சில் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அங்கே வந்தார். மேற்குக் கரை இஸ்ரவேல் இராணுவத்தின் கையில். இருகரை யாத்திரிகரும் ஒருவர் முகத்தை ஒருவர் காண்பர். ஒருவர் பாட்டு மற்றவர் காதில் விழும். கை நீட்டினால் எட்டாது. அக்கரைக்குப் போக வேண்டுமாயின் வடக்கே பாலத்துக்குப் போய்த்தான் சுற்ற வேண்டும்.

கல்முனையில் இரு வீட்டுக்கும் நடுவே நிற்பது ஒரு கிடுகு வேலி. அதைக் கடக்க விசா வேண்டாம். பயணத்துக்கு இன்னும் மூன்று நாள் இருக்கையிலே, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போய் வாருங்கள். தீராத கடையின் கடன், தடித்துப்போன காணிப் பேச்சு, 1990க்குப் பின் மிதிக்காமல் விட்ட வாசல், எது இருக்கிறதோ அதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டியை அதன் பிறகு பூட்டலாம்.