ஊர் செய்த வேலை: புலம்பெயர் திருச்சபையில் இளையோர் பணியாளர்

ஐரோப்பாவில் வாழும் ஈழத்தமிழ்க் கத்தோலிக்கர் நடுவே இளையோர் பணியாளர் என்பவர் பெரும்பாலும் குரு அல்லர், பொதுநிலையினர். சிலருக்கு மறைமாவட்டம் சம்பளம் கொடுக்கிறது. மற்றவர்கள் கிழமை நாட்களில் தொழிற்சாலையிலோ வைத்தியசாலையிலோ அலுவலகத்திலோ வேலை செய்துவிட்டு, சனி ஞாயிறைத் திருச்சபைக்குக் கொடுப்பவர்கள். தமிழ் ஆன்மீகப் பணியகத்தின் குருவானவர் ஒரே ஆளாகப் பல நகரங்களைப் பார்க்கவேண்டியிருப்பதால், ஒரு நகரத்துக்குத் தமிழ்த் திருப்பலி எல்லா ஞாயிறும் கிடைப்பதில்லை. அவர் வராத கிழமைகளில் பிள்ளைகளைக் கூட்டிவைத்திருப்பது இந்தப் பணியாளரின் பொறுப்பு. செபமாலை, மறைக்கல்வி, பாடற்குழு, ஒளிவிழா நாடகம், பீடப்பணியாளர் பயிற்சி எல்லாம் அவர் தலையில். இவை வெறும் நிர்வாக வேலைகளாகத் தோன்றினாலும், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பழைய இறையியல் கேள்வி கிடக்கிறது: நம்பிக்கை எது, அந்த நம்பிக்கை வளர்ந்த ஊரின் வழக்கம் எது?

ஊரில் இருக்கும்வரை இந்தக் கேள்வி எழுவதில்லை. யாழ்ப்பாணத் தீவகத்தில், வேலணைத் தீவின் கரையில் உள்ள சாட்டியில் சிந்தாத்திரை மாதா கோயில் இருக்கிறது. கடல் வழி போகிறவர்களுக்குத் துணை என்று வணங்கப்படும் மாதா. அங்கே பிள்ளைக்கு நம்பிக்கையைக் கற்பிக்க யாரும் தனியாக நியமிக்கப்பட வேண்டியதில்லை. கொடியேற்றத்தோடு நவநாட்கள் வரும், வேஸ்பர் ஆராதனை வரும், சொரூபப் பவனி வரும். பிள்ளை மற்றப் பிள்ளைகளோடு அதற்குள் ஓடித்திரிந்தே செபங்களைப் பாடமாக்கிவிடும். அம்மம்மா செபமாலை சொல்லித்தருவார், சங்கீதம் தெரிந்த ஒருவர் பாட்டுப் பழக்குவார், பாஸ் நாடகத்தில் சேவகனாக நின்ற பையன் சில வருடங்களில் பேதுருவாக நடிப்பான். தமிழையும் யாரும் கோயிலில் படிப்பிப்பதில்லை. அது வீட்டிலும் வீதியிலும் இருக்கிறது.

1983 யூலை இனக்கலவரத்துக்குப் பின்னும், 1990 ஓகஸ்டில் இராணுவம் தீவகத்தில் இறங்கியபோதும் இந்த ஊர்கள் கலைந்தன. முதலில் குடாநாட்டுக்கு, பிறகு பாரிஸ், சூரிச், டோட்முண்ட், லண்டன், ரொறொன்ரோ என்று சனம் போனது. மாதா படமும் செபமாலையும் பெட்டியில் கூடவே போயின. ஊர் செய்த வேலை மட்டும் போகவில்லை. ஒரு பங்கின் பாட்டிகளும் பெரியப்பாக்களும் அண்ணன்மாரும் கூடிச் செய்ததை வெளிநாட்டில் ஒரே ஒருவர் செய்ய நேர்ந்திருக்கிறது. இளையோர் பணியாளரின் களைப்புக்கு முதற் காரணம் இதுதான்.

அவருடைய ஒரு கிழமையைப் பார்த்தால் விடயம் விளங்கும். வெள்ளி மாலை வட்ஸ்அப் குழுவில் யார் யார் வருகிறார்கள் என்று விசாரிப்பு. பாதிப்பேர் பதில் போடுவதில்லை. சனி காலை பிள்ளைகள் தமிழ்ப் பள்ளிக்கும், பிறகு மிருதங்கத்துக்கோ உதைபந்துக்கோ போவதால் மறைக்கல்விக்கு மிஞ்சுவது பின்னேரம் மட்டுமே. ஞாயிறு காலை உள்ளூர்ப் பங்கின் பூசை முடியும்வரை காத்திருந்து, அதே கோயிலை மத்தியானத்துக்குப் பிறகு தமிழருக்காகத் திறக்கவேண்டும். ஓகன் வாசிப்பவர் வரவில்லை என்றால் கீபோட். திருப்பலி முடிந்ததும் மண்டபத்தில் தேநீர், றோல்ஸ், பிறகு கதிரை அடுக்கல். பிள்ளைகள் தமக்குள் டொச்சிலோ பிரெஞ்சிலோ கதைப்பார்கள். பெற்றோர் வந்து நின்றால் தமிழுக்கு மாறுவார்கள். வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு தாய் கைத்தொலைபேசியில் கூப்பிட்டு, மகன் கோயிலுக்கு வரமாட்டேன் என்கிறான், நீங்கள் ஒருக்கால் கதையுங்கோ என்பார். அந்தக் கதைப்புத்தான் உண்மையான பணி. மற்றதெல்லாம் அதற்கு வழி திறப்பவை.

மகன் கேட்பது அநேகமாகக் கடவுள் உண்டா என்ற கேள்வி அல்ல. அம்மா சொல்லுகிற எல்லாம் கடவுள் சொன்னதா என்பதே அவன் கேள்வி. கோயிலுக்கு என்ன உடுப்பு, யாரைக் கலியாணம் கட்டலாம், தங்கைக்குச் சாமத்திய வீடு ஏன் என்று எல்லாவற்றுக்கும் வீட்டில் ஒரே தொனியில் விடை கிடைக்கிறது. பத்துக் கட்டளையும் ஊர் வழக்கமும் ஒரே வாயால், ஒரே கண்டிப்போடு வருகின்றன. அவற்றைப் பிரித்துக் காட்டும்படி பணியாளரிடம் கேட்கப்படுகிறது.

தமிழ்க் கிறித்தவத்தில் இந்தப் பிரிப்பு வேலைக்கு நானூறு வருட வரலாறு உண்டு. 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைக் குரு ரொபேர்த்தோ தெ நோபிலி, குடுமி, பூணூல், சந்தனம், நீராடல் ஆகியன சமூக அடையாளங்களே தவிர சமயச் சின்னங்கள் அல்ல என்று வாதாடினார். 1623இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி அதை ஏற்று அனுமதி தந்தார். காற்று பிற்பாடு மாறியது. 1704இல் புதுச்சேரியில் திருத்தந்தையின் தூதர் தூர்னோன் தமிழ்க் கிறித்தவரின் பல வழக்கங்களைத் தடைசெய்து ஆணை பிறப்பித்தார். பெண்பிள்ளை பருவமடைந்ததைக் கொண்டாடுவதும் அந்தத் தடைப்பட்டியலில் இருந்தது. 1744இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் இத்தடைகளை உறுதிசெய்தார். குருக்கள் அதற்குக் கட்டுப்படுவதாகச் செய்யவேண்டியிருந்த சத்தியப்பிரமாணம் 1940இல்தான் நீக்கப்பட்டது.

அன்று வெளிநாட்டுக் குரு தமிழ்நாட்டில் நின்று செய்த பிரிப்பை இன்று தமிழர் ஒருவர் வெளிநாட்டில் நின்று செய்கிறார். தூர்னோன் தடைசெய்த அதே சாமத்தியச் சடங்கு இன்று ஜேர்மன் நகரங்களின் விழா மண்டபங்களில் பல்லக்கு, வீடியோ, கேக் சகிதம் நடக்கிறது. சில வீடுகளில் குருவானவர் ஆசீர்வாதமும் கொடுக்கிறார். அதைத் தடுக்க இப்போது திருச்சபைச் சட்டம் எதுவும் இல்லை. ஆனால் பதின்மூன்று வயதுப் பிள்ளை, தன் உடம்பைப் பற்றிய செய்தியை நூற்றுக்கணக்கானோருக்கு ஏன் அறிவிக்கவேண்டும் என்று கேட்டால் பணியாளர் என்ன சொல்வார்? இது நம்பிக்கையின் பகுதி அல்ல, பெற்றோரின் ஆசை, மறுக்க உனக்கு இடமுண்டு என்று சொல்வதே நேர்மையான பதில். சொன்னால் அடுத்த ஞாயிறு தேநீர் மேசையில் இரண்டு குடும்பங்கள் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கமாட்டா.

சாதியில் பிரிப்பு இன்னும் கூர்மையாகிறது. தமிழ்நாட்டுத் திருநெல்வேலிப் பகுதி வடக்கன்குளத்தில் கோயிலுக்குள்ளேயே சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. அதை மீட்கத் தொடுக்கப்பட்ட வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. யாழ்ப்பாணத்துப் பங்குகளுக்கும் இந்த நோய் புதிதல்ல. வெளிநாட்டில் சுவர் இல்லை, வாங்குகள் பொது. ஆனால் கலியாணப் பேச்சு வந்தால் ஊர், குறிச்சி, பேரன் பெயர் எல்லாம் விசாரிக்கப்படும். தாயும் தகப்பனும் பதறும் ஒரு காதலை இளையோர் பணியாளர் முதலில் அறிகிறார். இங்கே வழக்கமும் நம்பிக்கையும் அருகருகே இருப்பவை அல்ல, ஒன்றுக்கொன்று எதிரானவை. ஒரே அப்பத்தில் பங்குகொள்கிறவர்கள் ஒரே குடும்பமாக முடியாது என்று சொல்லும் வழக்கத்துக்கு, பெற்றோரின் மனம் நோகாதிருக்கவேண்டும் என்பதற்காக இறையியல் சமாதானம் கற்பிப்பது தவறு.

மொழியின் கதை வேறு. அதை வெறும் வழக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. 1952இல் பன்னிரண்டாம் பத்திநாதர் குடிபெயர்ந்தோர் பற்றி வெளியிட்ட திருத்தூதுக் கொள்கைத் திரட்டு, அந்நிய நாட்டில் வாழ்வோருக்குத் தங்கள் மொழிக் குருக்களின் பணி கிடைக்கவேண்டும் என்றது. புலம்பெயர்ந்தவர்களோடு அவர்களின் பிள்ளைகளையும், குடியுரிமை பெற்றிருந்தாலும், அந்தப் பணிக்குள் அடக்கியது. பேரப்பிள்ளைகள் அதற்குள் வரவில்லை. உரோமை எதிர்பார்த்தது விளங்குகிறது: மூன்றாம் தலைமுறை உள்ளூர்ப் பங்கில் கரைந்துவிடும். 1983இன் திருச்சபைச் சட்டத் தொகுப்பு மொழி, இனம் ஆகியவற்றின் அடிப்படையில் ஆள்சார் பங்குகளை அமைக்க இடம் தருகிறது. தமிழ்ப் பணியகங்கள் இப்போது அந்த மூன்றாம் தலைமுறையின் வாசலில் நிற்கின்றன.

பெற்றோர் இந்த இடத்தில் இளையோர் பணியாளரிடம் இரண்டு வேலைகளை ஒன்றாகக் கேட்கிறார்கள்: பிள்ளை விசுவாசியாகவும் வேண்டும், தமிழாகவும் வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று உதவும் என்பது அவர்களின் நம்பிக்கை. பல நேரங்களில் ஒன்று மற்றதைத் தடுக்கிறது. தமிழில் மறைக்கல்வி எடுத்தால் பாதி வகுப்பு சொற்களோடு மல்லுக்கட்டும்; மனந்திரும்புதல், அருள், மீட்பு எல்லாம் பாடமாக்க வேண்டிய ஒலிகளாகிவிடும். டொச்சில் எடுத்தால் விளங்கும். ஆனால் அதே பாடம் அரச பள்ளிக்கூடத்தின் சமயப் பாடத்திலும் கிடைக்கிறது, பிறகு எதற்குத் தமிழ்ப் பணியகம்? அனுபவமுள்ளவர்கள் வந்து சேர்ந்த ஏற்பாடு எளியது: விளக்கம் பிள்ளைக்கு விளங்கும் மொழியில், செபமும் பாட்டும் தமிழில். விளங்காமல் செபிப்பதில் குறை உண்டுதான். ஆனால் இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முன் தீவகத்துச் சனம் இலத்தீன் பூசையில் தலைமுறைகளாகப் பங்குகொண்டதை நினைத்தால், அது நம்பிக்கையை அழித்துவிடும் குறை என்று சொல்லத் துணிவு வராது.

தமிழ் தெரியாத பிள்ளை இனித் தமிழுக்குத் திரும்பாது என்ற கவலைக்கும் தீவகத்திலேயே ஒரு மறுப்பு இருக்கிறது. தனிநாயகம் அடிகள் 1913இல் ஊர்காவற்றுறைக்கு அருகே கரம்பொனில் பிறந்தவர். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரி, கொழும்புக் குருமடம், பிறகு உரோமாபுரி என்று ஆங்கிலமும் இலத்தீனும் படித்து 1938இல் குருவானார். சுவர் இடிந்த அதே வடக்கன்குளத்தில், 1940இலிருந்து பாடசாலை ஆசிரியராக இளையோரோடு பழகிய காலத்தில்தான், தமிழை ஒரு பண்டிதரிடம் முறையாகக் கற்றார். அப்போது வயது இருபத்தேழுக்கு மேல். 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்தார். 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றார். வளர்ந்த பிறகு, தானே விரும்பி, பிற மொழிகளின் துணையோடு தமிழுக்கு வந்தவர் அவர். பதினைந்து வயதில் திணிக்கப்படாத தமிழ் முப்பது வயதில் தேடி எடுக்கப்படலாம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை.

ஓகஸ்டில் ஜேர்மனியின் கேவலார் திருத்தலத்தில் தமிழர் யாத்திரை நடக்கும்போது வேறொரு கேள்வி முன்னுக்கு வரும். அங்கே வணங்கப்படுவது உள்ளங்கை அளவான ஓர் அச்சுப்படம்; லக்சம்பேர்க் நகரின் துயருறுவோருக்கு ஆறுதலான மாதாவைக் காட்டுவது. முப்பதாண்டுப் போரின் நடுவே ஒரு போர்வீரன் கையிலிருந்து சில்லறை வியாபாரி புஸ்மனின் குடும்பத்துக்கு வந்து, 1642இல் ஒரு சிற்றாலயத்தில் வைக்கப்பட்டது. போர்க்காலத்தில் வேற்றூரிலிருந்து வந்த மாதாவிடம் போரினால் வேற்றூருக்கு வந்த தமிழர் ஆயிரக்கணக்கில் கூடுகிறார்கள். அவர்களில் பெருந்தொகையினர் சைவர்கள். மெழுகுதிரி கொளுத்துகிறார்கள், நேர்த்தி வைக்கிறார்கள். அவர்களே அடுத்த மாதம் ஹம் நகரின் காமாட்சி அம்மன் கோயிலுக்கும் போவார்கள்.

இளையோர் அருகில் நின்று கேட்பார்கள்: மச்சாள் சைவம், அவளும் என்னோடு வந்து செபித்தாள், அவளுக்கு ஏன் நற்கருணை இல்லை? நற்கருணை திருமுழுக்குப் பெற்றவர்களுக்கு என்ற சட்டத்தைச் சொன்னால் கேள்வி அடங்காது. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், பிற சமயங்களில் உள்ள உண்மையும் புனிதமும் ஆனவற்றைத் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று அறிவித்தது. மச்சாளின் செபத்தை மதிக்க அது போதும். இரண்டு சமயங்களும் ஒன்றே என்று சொல்ல அது போதாது. நல்ல பணியாளர் இந்த இரண்டையும் சொல்வார். மச்சாளிடமும் அவளுடைய சமயம் தனக்கென்று சொல்வது என்ன என்று கேட்கச் சொல்வார். எல்லாம் ஒன்றுதான் என்ற மழுப்பல் விடை இரண்டு வீடுகளையுமே அவமதிப்பது.

ஊரில் இல்லாத ஒரு கண்டிப்பும் இந்தப் பணியில் உண்டு. 2010இல் பெர்லினின் கனிசியுஸ் கல்லூரியில் நடந்த பாலியல் துர்ப்பிரயோகங்கள் வெளிவந்த பின், ஜேர்மன் மறைமாவட்டங்களில் சிறுவரோடு பணிசெய்பவர்கள் பொலிஸ் நற்சான்று கொடுக்கவேண்டும், தடுப்புப் பயிற்சி பெறவேண்டும். பிள்ளையோடு தனியறையில் இருக்கக்கூடாது, காரில் தனியாக ஏற்றிப் போகக்கூடாது என்பன போன்ற ஒழுங்குகளும் வந்தன. சில பெற்றோர் இதை அவமானமாக எடுப்பார்கள்: எங்கட சாமியையும் அண்ணாவையும் சந்தேகிக்கிறதா? மரியாதை காரணமாக யாரும் கேள்வி கேட்காத இடத்தில்தான் பிள்ளை அதிகம் தனித்துப் போகிறது என்பதை அவர்களுக்கு விளங்கவைப்பதும் மறைக்கல்விதான். ஊர் என்ற கண்கள் இல்லாத இடத்தில் எழுதப்பட்ட சட்டம் அந்தக் கண்களாகிறது.

பொதுநிலையினர் இப்படிப் பொறுப்பேற்பது யாழ்ப்பாணத்துக்குப் புதிதும் அல்ல. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்துக் கத்தோலிக்கத்தைத் தடைசெய்தபின் குருக்களே இல்லாத காலம் ஒன்று இருந்தது. 1687இல் கோவாவிலிருந்து மறைந்து வந்த யோசேப் வாஸ், தானே அந்நிய நாட்டில் பணிசெய்தவர், சிதறிய சனங்களை மூப்பர், அண்ணாவி என்ற பொதுநிலைத் தலைவர்களிடம் ஒப்படைத்து, தான் அடுத்த இடத்துக்கு நடந்தார். குரு வரும்வரை செபம் சொல்லவும் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கவும் அவர்களே இருந்தார்கள். 2015 ஜனவரி 14ஆம் திகதி கொழும்பு காலிமுகத்திடலில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். அண்ணாவிமாருக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை. பெயர்களில் பெரும்பாலானவை பதிவிலும் இல்லை.

உறுதிப்பூசுதல் முடிந்த பிள்ளைகள் சில வருடங்களில் படிப்புக்காக வேறு நகரம் போவார்கள். ஜேர்மனியில் அவர்களைப் பற்றி அடுத்த செய்தி அநேகமாக முதற் சம்பளத்தோடு வரும். கத்தோலிக்கர் என்று பதியப்பட்டவரிடம் வருமான வரியின் எட்டு அல்லது ஒன்பது வீதம் திருச்சபை வரியாகக் கழிக்கப்படும். அதிலிருந்து விலக அரச அலுவலகத்திலோ நீதிமன்றத்திலோ கையெழுத்து வைக்கவேண்டும். 2012இல் ஜேர்மன் ஆயர்கள் வெளியிட்ட ஆணைப்படி, அப்படி விலகியவர் திருவருட்சாதனங்களைப் பெறமுடியாது. சாட்டியில் இருக்கும்வரை எவரும் தன் விசுவாசத்துக்கு ஆமா, இல்லையா என்று படிவத்தில் பதில் எழுதவேண்டி வந்ததில்லை. இங்கே இருபத்துநாலு வயதுப் பிள்ளை பழைய இளையோர் பணியாளருக்குத் தொலைபேசி எடுத்து, அண்ணா, இந்த வரியைக் கட்டத்தான் வேணுமோ என்று கேட்கும். தமிழ்ப் பணியகத்தின் செலவும் அந்த வரியிலிருந்து வருகிறது என்பது பணியாளருக்குத் தெரியும். ஆனால் கேட்டவரிடம் அதைக் காரணமாகச் சொல்லாமல், நீ இன்னும் நம்புகிறாயா என்று திருப்பிக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். பிள்ளைக்குப் பதினைந்து வயதில், பெற்றோர் பக்கத்தில் நிற்க, கேட்கமுடியாமற் போன கேள்வி அது.