பயின்ற பொறுமை

நிறவெறியை எதிர்த்து வாதாடவும் பயிற்சி வேண்டுமோ? நெஞ்சில் நீதியுணர்வு இருந்தால் நா தானே பேசும் என்றுதான் நம்மில் பலர் எண்ணுகிறோம். பயின்று வரும் துணிவு நாடகமே என்று குறை கூறுவோரும் உளர்.

ரோசா பார்க்ஸின் வரலாற்றை நாம் சொல்லும் முறையைப் பாருங்கள். 1955 டிசம்பர் 1 அன்று, அமெரிக்காவின் மான்ட்கோமரி நகரில், களைத்துப் போன தையற்பெண் ஒருவர் பேருந்தில் வெள்ளையருக்கு இடம் விட மறுத்தார், அவ்வளவே என்போம். கறுப்பின மக்கள் முன்னேற்றச் சங்கத்தின் நகரக் கிளையில் பல்லாண்டு செயலாளராக உழைத்தவர் அவர். அவ்வாண்டுக் கோடையில்தான் டென்னசி மாநிலத்து ஹைலாண்டர் பள்ளியில் பயின்று திரும்பியிருந்தார். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேசையில் உண்ட பள்ளி அது! அவர் கைதான இரவே பெண்கள் அமைப்பொன்று பல்லாயிரம் துண்டறிக்கைகளை ஆயத்தம் செய்ததும், பேருந்துப் புறக்கணிப்பு 381 நாள் நீடித்ததும் திடீர் உணர்ச்சியால் அன்று.

அதே டென்னசியின் நாஷ்வில் நகரில், நாகபுரிக் கல்லூரியில் பணியாற்றிக் காந்தியடிகளின் வழியைக் கற்றுச் சென்ற ஜேம்ஸ் லாசன், 1959இல் மாணவர்களைப் பழக்கினார். சிலர் வெள்ளையராக நடித்து வசை பொழிவர், முகத்தில் புகை ஊதுவர், நாற்காலியிலிருந்து தள்ளுவர். மற்றவர்கள் கை ஓங்காதிருக்கப் பழகுவர். 1960 பிப்ரவரியில், தமக்கு மறுக்கப்பட்ட உணவு மேடைகளில் அவர்கள் சென்று அமர்ந்தபோது விழுந்தது உண்மையான அடி. மே 10 அன்று நகரின் ஆறு கடைகள் அவர்களுக்கு உணவு பரிமாறின.

அந்தப் பொறுமை பொய்யோ? பொருள் அறியுமுன்பே பிள்ளைகளுக்குத் தொழுகையைப் பழக்குகிறோம். நோன்பில் பசியைத் தாங்கப் பயில்கிறோம். அதனை நடிப்பென்று எவரும் இகழ்வதில்லை. பழக்கத்தின் வழியே நிய்யத்தும் உறுதிப்படுகிறது.

நம்மை உறுத்துவது வேறொன்று. வசைபாடுவோராக நடித்தவர்கள் அச்சொற்களை எங்கும் தேடிச் செல்லவில்லை. அவை எல்லோருக்கும் தெரிந்தவையே. அபூதர் (ரலி) ஒருவரை அவருடைய தாயைக் குறித்து இழித்துரைத்தார். இழிக்கப்பட்டவர் பிலால் (ரலி) என்பர். ஜாஹிலிய்யாவின் எச்சம் இன்னும் உம்மிடம் உள்ளதே என்ற பொருளில் நபிகள் நாயகம் (ஸல்) அவரைக் கண்டித்தார்கள். அபூதரோ ஈமானில் முந்தியவர்! அவருக்கே அந்தத் திருத்தம் வேண்டியிருந்தது.

நம் ஜமாஅத்துகளும் சங்கங்களும் மனு எழுதவும் அதிகாரிகளிடம் வாதாடவும் நன்றாகப் பயிலட்டும். ஆனால் முதல் நாள் வகுப்பில், பெண் பார்த்துத் திரும்பும் வழியில் நிறம் பற்றி நாம் உதிர்க்கும் சொற்களை ஒவ்வொருவரும் ஒரு தாளில் எழுதி, உரக்கப் படித்துக் காட்டட்டும்.