வட்டுத் தொகுதியும் முழுமை பற்றிய வினாவும்

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள செட்டிபாளையம் போன்ற ஊர்களின் கண்ணகி கோயில்களில் பாடப்படும் வழக்குரைக் காவியம் முதல் ஈழத்து இதழ்கள் வரையிலான எழுத்துச் செல்வம், 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் போன்ற முயற்சிகளால் வழங்கிகளில், அதாவது பிற கணினிகளுக்குத் தரவு அளிக்கும் கணினிகளில், சேர்ந்துவருகிறது. இத்தகைய சேமிப்பு நிரம்பும்போது, பல வட்டுகளை ஒரே பரப்பாகக் காட்டும் தொகுதியில் இன்னொரு வட்டு இணைக்கப்படுமாயின், பழைய தொகுதியே வளர்ந்ததா, புதியதொன்று பிறந்ததா என்னும் வினா எழுகிறது.

இவ்வினாவுக்கு இந்திய மெய்யியலில் இரு விடைகளைக் காணலாம். உறுப்புகளின் வேறாக 'அவயவி' என்னும் முழுமை உண்டெனக் கொள்ளும் நியாய வைசேடிகர், ஓர் இழை கூடினாலும் பழைய ஆடை அழிந்து புதியது தோன்றும் என்பர். மிலிந்த மன்னனுக்குத் தேரைக் காட்டி விளக்கிய பௌத்தத் துறவி நாகசேனரோ, முழுமை வெறும் வழக்குப் பெயரே என்றார். இரண்டாவது விடை சிக்கனமானதுதான். ஆயினும் அது போதாது. ரெய்டு 5 என்னும் அமைப்பில், தரவோடு அதிலிருந்து கணித்த சமநிலைக் குறியீடும் எல்லா வட்டுகளிலும் பரவியிருப்பதால், ஒரு வட்டு பழுதானாலும் எஞ்சியவற்றிலிருந்து அதன் உள்ளடக்கம் மீட்கப்படுகிறது. இவ்வாற்றல் எந்தத் தனி வட்டிலும் இல்லை. புதிய வட்டு சேர்ந்ததும் தரவு முழுவதும் மறுபகிர்வு பெறுகிறது, எனினும் கோப்புகளின் பெயரும் பொருளும் மாறுவதில்லை. ஆகவே முழுமை உண்மையே என்பதில் நியாயவாதம் வெல்கிறது. பழையது அழிந்தது என்பதில் தோற்கிறது. அம்முழுமைக்கும் எல்லை உண்டு: இரு வட்டுகள் ஒருசேரப் பழுதானால் ரெய்டு 5 தொகுதி மீளாது.